ஆழ்வார்பேட்டையில் ஃப்ளாட் வாங்குவதற்கு முன்: புதிதாக வருகிறவர்களுக்கு

ஆழ்வார்பேட்டையில் வீடு தேடி வருகிறவர்கள் புரோக்கரிடம் முதலில் கேட்பது, “சதுர அடி என்ன ரேட்?” அவரும் ஒரு எண்ணைச் சொல்வார். அது கட்டடத்தின் சதுர அடிக்கு. ஆனால் இந்தப் பக்கம் விலையில் பெரும்பகுதி மண்ணுக்குப் போகிறது. நாற்பது வருடப் பழைய ஃப்ளாட்டின் சுவருக்கும் தரைக்கும் என்ன பெரிய மதிப்பு இருந்துவிடப் போகிறது? அதனால் உங்கள் முதல் கேள்வி “யூடிஎஸ் எவ்வளவு?” என்று இருக்கட்டும். பத்திரத்தில் ‘பிரிபடாத பாகம்’ என்று எழுதியிருப்பார்களே, அந்த நிலப் பங்குதான் யூடிஎஸ். அதைக் கேட்டவுடனே புரோக்கர் உங்களைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்.

இந்தக் கட்டுரை வெளியூரிலிருந்தோ, சென்னையின் வேறு பகுதியிலிருந்தோ இங்கே குடிவர நினைக்கிறவர்களுக்கு. ஆழ்வார்பேட்டை, அபிராமபுரம், லஸ் பக்கத்து மயிலாப்பூர், எல்டாம்ஸ் ரோடு ஓரத்துத் தேனாம்பேட்டை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். போட் கிளப், கஸ்தூரி ரங்கா சாலை பங்களாக்கள் வேறு உலகம். அங்கே வாங்குகிறவர்கள் கட்டுரை படித்து வாங்குவதில்லை.

முதலில் ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருங்கள்

முடிந்தால் செப்டம்பரில் வாடகைக்கு வந்துவிடுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்தத் தெருவில் அரைமணி நேரத்தில் வடிகிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது. டி.டி.கே. சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே போனாலே நிலமட்டம் மாறும். மழைச் செய்தி வந்தால் சீத்தம்மாள் காலனி பெயர் அடிபடாமல் இருக்காது. அதற்குக் கொஞ்ச தூரத்திலேயே காய்ந்து கிடக்கும் தெருவும் உண்டு. தெருவில் இஸ்திரி போடுகிறவரிடமும், எதிர் வீட்டு வாட்ச்மேனிடமும் 2015லும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். வீட்டுக்காரரைவிட அவர்கள் சொல்வது துல்லியமாக இருக்கும்.

இன்னொன்று. சென்னையில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, சாலை உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. எண்பதுகளில் சாலையைவிட மேடாகக் கட்டிய வளாகம் இன்றைக்குப் பள்ளத்தில் இருக்கும். கேட்டில் நின்று, உள்ளே இறங்குகிறோமா ஏறுகிறோமா என்று பாருங்கள். இறங்கினால் கார் நிறுத்துமிடமும் தரைத்தளமும் ஒவ்வொரு பெருமழைக்கும் கவலைதான்.

வாடகைக்கு வரும்போது அட்வான்ஸ் விஷயம்: 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்று சொல்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அதிகம் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேசிக் குறைக்கலாம். சில வளாகங்களில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்தான் வீடு என்பார்கள், சிலர் நாய் கூடாது என்பார்கள். எனக்கு இது எரிச்சலூட்டும் விஷயம். ஆனால் நான்கு இடத்தில் மறுப்புக் கேட்ட பிறகு தெரிந்துகொள்வதைவிட முதல் ஃபோனிலேயே கேட்டுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மார்கழி மாதத்தையும் இருந்து பார்த்துவிடுங்கள். மியூசிக் அகாடமி, நாரத கான சபா இரண்டும் டி.டி.கே. சாலையில்தான். கச்சேரிக்கு நடந்து போய், சபா கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு நடந்தே திரும்பலாம். இந்தச் சுகத்துக்காகவே இங்கே வீடு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அதே மாதம் பக்கத்துத் தெருக்காரர்கள் தங்கள் கேட்டுக்கு முன்னால் யாரோ நிறுத்திவிட்டுப் போன காரோடு மல்லுக்கட்டுவார்கள். மெட்ரோ வேலை வேறு. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகிற பாதையில் திருமயிலை, ஆழ்வார்பேட்டை, பாரதிதாசன் சாலை, போட் கிளப் என்று வரிசையாகச் சுரங்க நிலையங்கள். அது முடியும்வரை எந்தத் தெரு என்றைக்கு ஒருவழியாகும் என்று தெரியாது.

யூடிஎஸ் கணக்கு

நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

கணக்குக்காக இரண்டு ஃப்ளாட் வைத்துக்கொள்வோம். இரண்டும் 1,200 சதுர அடி. முதலாவதற்கு யூடிஎஸ் 800, விலை 2 கோடியே 40 லட்சம். இரண்டாவதற்கு யூடிஎஸ் 480, விலை 2 கோடியே 16 லட்சம். கட்டடச் சதுர அடிப்படி முதலாவது 20,000 ரூபாய், இரண்டாவது 18,000. இரண்டாவதுதான் லாபம் போலத் தெரியும். நிலத்துக்கு வகுத்துப் பாருங்கள்: முதலாவது 30,000, இரண்டாவது 45,000. இரண்டாவது கட்டடம் புதிது என்றால் அதற்காகக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கட்டடத்தின் மதிப்பு வருடாவருடம் தேயும், நிலப் பங்கு அப்படியே இருக்கும்.

இந்த நிலப் பங்கு எப்போது கைக்கு வரும்? கட்டடத்தை இடித்துக் கட்டும்போது. இங்கே நீங்கள் பார்க்கப்போகிற மூன்று மாடிக் கட்டடங்களில் பல அந்த வயதை எட்டிவிட்டன. அதனால் வாங்கும் முன்பே, இதை இடித்துக் கட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போடத் தெரிய வேண்டும்.

நான்கு கிரவுண்டு மனை, அதாவது 9,600 சதுர அடி. அதில் ஆயிரம் சதுர அடியில் 12 ஃப்ளாட். மொத்தம் 12,000 சதுர அடி கட்டடம். 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி சாதாரண எஃப்எஸ்ஐ 2, அதாவது மனையைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். 19,200 வரும். கூடுதலாகக் கிடைப்பது 7,200. பழைய உரிமையாளர்கள் ஒவ்வொருவருக்கும் 1,200 சதுர அடியில் புது வீடு கொடுத்தாலும் பில்டருக்கு 4,800 மிஞ்சும். அதை விற்று அவர் செலவையும் லாபத்தையும் எடுத்துக்கொள்வார். உங்களுக்குக் கட்டுமானச் செலவு இல்லாமல் வீடு வரும். அதே மனையில் ஏற்கெனவே 19 ஃப்ளாட், 19,000 சதுர அடி கட்டியிருந்தால்? பில்டருக்கு விற்க எதுவும் மிஞ்சாது. யாரும் வர மாட்டார்கள், அல்லது கட்டும் செலவை நீங்களே போடச் சொல்வார்கள். தெருவில் அடுத்தடுத்து நிற்கிற இரண்டு கட்டடங்களில் ஒன்றை பில்டர்கள் துரத்துவதும், இன்னொன்றைத் திரும்பிக்கூடப் பார்க்காததும் இதனால்தான்.

சாலை அகலத்தையும் சேர்த்துப் பாருங்கள். 18.3 மீட்டருக்கு மேல் போனால் அது உயரடுக்குக் கட்டடம்; குறுகிய சந்துகளில் அதற்கு அனுமதி கிடைக்காது. கூடுதல் எஃப்எஸ்ஐ காசு கொடுத்து வாங்குவதும் சாலை அகலத்தைப் பொறுத்ததே. மெட்ரோ சுரங்கத்துக்கு மிக அருகில் என்றால் மறுபடி கட்டும்போது மெட்ரோ நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் வேண்டியிருக்கும்.

முன்பெல்லாம் ஒரே ஒரு உரிமையாளர் முரண்டு பிடித்தால் மறுகட்டுமானம் வருடக்கணக்கில் நின்றுபோகும். 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும். இது உங்களுக்கு இரண்டு பக்கமும் வெட்டும். மறுகட்டுமானம் வேண்டும் என்றால் வழி திறந்திருக்கிறது. பத்து வருடம் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்து உள்ளே இரண்டு மாதம் வேலை பார்த்து மாடுலர் கிச்சன் போட்டால், அடுத்த வருடமே மற்றவர்கள் சேர்ந்து இடிக்கத் தீர்மானம் போடலாம். ஆகவே வாங்கும் முன்பு அசோசியேஷன் செயலாளரைப் பார்த்து, பில்டரோடு பேச்சு ஏதாவது நடக்கிறதா என்று நேராகவே கேளுங்கள்.

யூடிஎஸ்ஸில் நடக்கும் தில்லுமுல்லு ஒன்று உண்டு. எல்லா ஃப்ளாட்டின் பங்கையும் கூட்டினால் மனையின் மொத்தப் பரப்பு வர வேண்டும். சில பழைய வளாகங்களில் வராது. ஒரு பங்கை பில்டரோ, மனையின் முதல் சொந்தக்காரரோ தன் பெயரிலேயே வைத்திருப்பார். மொட்டை மாடி உரிமையும் அவருக்கே என்று எங்கோ ஒரு வரி இருக்கும். இடிக்கும் நாளில் அவரோ அவர் பிள்ளைகளோ வந்து நிற்பார்கள். எல்லாருடைய பத்திர விவரத்தையும் அசோசியேஷனிடம் வாங்கி, கூட்டிப் பார்க்க அரை நாள் போதும்.

கட்டடத்தைப் பார்க்கும்போது

ஃப்ளாட்டுக்குள் போகும் முன் கார் நிறுத்துமிடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். உள்ளே புது பெயிண்ட் அடித்திருப்பார்கள். அங்கே அடித்திருக்க மாட்டார்கள். சிமெண்ட் பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிகிறதா, தூண்களின் அடிப்பாகத்தில் நீளவாக்கில் விரிசல் இருக்கிறதா என்று கவனியுங்கள். கடல் பக்கத்தில் இருக்கிறது, உப்புக் காற்று கம்பியைத் தின்னும். அப்புறம் மொட்டை மாடி. தளவோடு எப்போது மாற்றினார்கள், கடைசி மாடி வீட்டில் ஓதம் இருக்கிறதா? சந்தேகமாக இருந்தால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டி வாருங்கள். வீட்டு விலையோடு பார்த்தால் அவர் கட்டணம் ஒன்றுமே இல்லை.

லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி விலை குறைவாக வரும். பெற்றோரும் கூட இருக்கப்போகிறார்கள் என்றால் வேண்டாம். பிறகு எல்லாரும் சேர்ந்து லிஃப்ட் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். தரைத்தளத்துக்காரர் எதற்குக் காசு கொடுப்பார்?

தண்ணீர் பற்றி மூன்று கேள்வி. மெட்ரோ தண்ணீர் இணைப்பு இருக்கிறதா, அதற்குத் தனி சம்ப்பா அல்லது போர் தண்ணீரோடு ஒன்றாகக் கலக்கிறதா, 2019 கோடைத் தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரித் தண்ணீருக்கு எப்படிச் சமாளித்தார்கள். மூன்றாவது கேள்விக்கு வருகிற பதிலிலேயே அந்த வளாகத்தின் நிர்வாகம் எப்படி என்று தெரிந்துவிடும். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்து கட்டாயம் என்பதால் குழி எல்லா இடத்திலும் இருக்கும். அதைத் தூர் வாருகிறார்களா என்பதைப் பாருங்கள்.

கார் பார்க்கிங் பத்திரத்தில் இருக்கிறதா, அல்லது வாய்ப்பேச்சா? இங்கே சண்டைகள் முக்கால்வாசி இதில்தான் தொடங்கும். ஒரு ஃப்ளாட்டுக்கு ஒரு காருக்கு மேல் யாரும் நினைக்காத காலத்தில் கட்டிய கட்டடங்கள் இவை.

பத்திரங்கள்

நல்ல வக்கீல் ஒருவரைப் பிடியுங்கள். வங்கியின் வக்கீல் பார்த்துவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். அவர் வங்கிக்காகப் பார்க்கிறார். ஆனால் வக்கீலிடம் கொடுக்கும் முன்பு நீங்களே பார்க்க வேண்டியவை சில.

பழைய ஃப்ளாட்டின் பத்திரத்தைப் படித்துவிட்டு “இதில் வீட்டையே காணோமே” என்று சிலர் பதறுவார்கள். பயப்பட வேண்டாம். சென்னையில் நெடுங்காலம் நிலப் பங்கை மட்டும் கிரயம் செய்துவிட்டு, வீட்டுக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போடுவதே வழக்கம். ஆகவே முதல் உரிமையாளரின் கட்டுமான ஒப்பந்தமும் கூட இருக்க வேண்டும். அதுவும் தொலைந்துவிட்டால் சொத்துவரி ரசீதும் அனுமதி வரைபடமும்தான் அந்த வீடு இருந்ததற்குச் சாட்சி.

அனுமதி வரைபடத்தை வாங்கி, நீங்கள் பார்த்த ஃப்ளாட் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கார் நிறுத்துமிடத்தை மறைத்து உருவாக்கிய தரைத்தள வீடும், மொட்டை மாடியில் பின்னால் எழும்பிய ‘பென்ட்ஹவுஸும்’ இந்தப் பகுதியில் அடிக்கடி விற்பனைக்கு வரும். விலை ஆசையாக இருக்கும். வங்கிக் கடன் கிடைக்காது, விற்கவும் கஷ்டம்.

வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். ஃப்ளாட் எண்ணுக்கு மட்டும் போடாமல் மனையின் சர்வே எண்ணுக்கு மொத்தமாகப் போடுங்கள். மற்றவர்களின் பங்குகளும் அடமானங்களும் அதில்தான் தெரியும். கூடவே தாலுகா அலுவலகத்து நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் வாங்குங்கள். பத்திரத்தில் நான்கு கிரவுண்டு, பதிவேட்டில் மூன்றே முக்கால் என்றால் அந்தக் கால் கிரவுண்டு எங்கே போனது என்று கேட்டாக வேண்டும். சாலைக்கு எடுத்திருப்பார்கள், அல்லது பக்கத்து வீட்டு மதில் உள்ளே வந்திருக்கும்.

மயிலாப்பூர் பக்கம் நகர்ந்தால் கோயில் நிலமா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கபாலீசுவரர் கோயிலுக்கு இங்கே நிறைய மனைகள் உண்டு. தலைமுறைகளாகக் குத்தகையில் குடியிருப்பவர்கள் கட்டடத்தை மட்டும் விற்கப் பார்ப்பார்கள். கோயில் நிலத்தை அறநிலையத்துறையின் ஒப்புதல் இல்லாமல் பதிவு செய்ய முடியாது.

இங்கே விற்பவர்கள் பலர் வாரிசுகள். அப்பா எழுபதுகளில் வாங்கியிருப்பார், பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வாரிசுச் சான்றிதழில் இருக்கிற எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும், கல்யாணமாகிப் போன மகள்கள் உட்பட. “அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்ற பேச்சு செல்லாது. உயில் இருந்தால், சென்னை நகரச் சொத்துகளுக்கு உயர் நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்ற நீதிமன்றச் சான்று, வாங்குவது நீண்ட காலம் நடைமுறையாக இருந்தது. வாங்கினார்களா, இல்லையென்றால் அது உங்களைப் பாதிக்குமா என்று வக்கீலிடம் கேளுங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம், இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் பதிவு நாளன்று வீடியோ காலில் பார்த்துவிடுவது நல்லது. சங்கடமாக இருந்தாலும் பரவாயில்லை.

புது ஃப்ளாட் என்றால் வேலை கொஞ்சம் குறைவு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு வீட்டுக்கு மேலோ கட்டினால் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிந்திருக்க வேண்டும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் பில்டர் உங்களிடம் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இங்கே வருகிற சின்னச் சின்ன மறுகட்டுமானங்களில் சில அந்த வரம்புக்குக் கீழே நின்றுகொள்ளும். அங்கே பில்டர் இதற்கு முன்பு கட்டிய கட்டடத்துக்குப் போய்க் குடியிருப்பவர்களிடம் பேசுவதைவிட நல்ல பாதுகாப்பு வேறில்லை.

பணம்

மேலே சொன்ன 2 கோடியே 40 லட்ச ரூபாய் ஃப்ளாட்டையே எடுத்துக்கொள்வோம். 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனில் வங்கி அதிகபட்சம் 75 சதவீதம்தான் தரலாம். அதாவது 1 கோடியே 80 லட்சம். மீதி 60 லட்சம் உங்களுடையது. பழைய ஃப்ளாட் மறுவிற்பனைக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 21 லட்சத்து 60 ஆயிரம். இதற்கு வங்கி கடன் தராது. ஆக 81 லட்சத்து 60 ஆயிரம் கையில் இருந்தால்தான் பேச்சையே தொடங்கலாம். புரோக்கர் கமிஷன், வக்கீல், வீட்டுக்குள் வேலை எல்லாம் இதற்கு மேல். கட்டடம் ரொம்பப் பழையது என்றால் வங்கி கடன் காலத்தைக் குறைத்துவிடும், மாதத் தவணை ஏறும். டோக்கன் கொடுக்கும் முன்பே அந்தக் கட்டடத்துக்குக் கடன் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள்.

பில்டரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் புது ஃப்ளாட்டுக்கு முத்திரைத்தாள் வேறு. 2023 டிசம்பரிலிருந்து 50 லட்சம் வரை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம், அதற்கு மேல் 7. பதிவுக் கட்டணம் எல்லாவற்றுக்கும் 2. கட்டி முடிக்காத ஃப்ளாட் என்றால் 5 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்றால் ஜிஎஸ்டி இல்லை. பதிவுக்கு முன்பு கட்டண விகிதத்தையும் தெருவின் வழிகாட்டி மதிப்பையும் (பதிவுக்காக அரசு நிர்ணயித்த நில மதிப்பு) பதிவுத்துறை இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

50 லட்சத்துக்கும் அதற்கு மேலும் விலை என்றால், விற்பவருக்குக் கொடுப்பதில் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவது உங்கள் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதம் பொருந்தாது, பிடித்தம் பல மடங்கு கூடும். பிடிக்காமல் விட்டால் வருமானவரித் துறை உங்களிடம்தான் கேட்கும். இந்தப் பேட்டையில் இப்படிப்பட்ட விற்பனைகள் சகஜம் என்பதால் ஆடிட்டரை ஒப்பந்தத்துக்கு முன்பே பாருங்கள்.

“கொஞ்சம் கேஷாகக் கொடுத்தால் விலையைக் குறைக்கிறேன்” என்பார்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமானவரிச் சட்டப்படி தவறு. சட்டத்தை விடுங்கள், நாளைக்கு நீங்கள் விற்கும்போது குறைத்துக் காட்டிய விலையிலிருந்துதான் உங்கள் லாபத்துக்கு வரி கணக்கிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பதிவுக்குப் பிறகு

சாவி வாங்கியவுடன் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். இறந்துபோன முதல் உரிமையாளர் பெயரிலேயே மின் கட்டணம் வந்துகொண்டிருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். பத்திர நகலை எடுத்துக்கொண்டு மூன்று இடத்தில் பெயர் மாற்ற வேண்டும்: மாநகராட்சியில் சொத்துவரி (இந்தப் பகுதி தேனாம்பேட்டை மண்டலத்தில் வரும்), சென்னைக் குடிநீர் வாரியம், மின்வாரியம். சொத்துவரியை முதலில் மாற்றுங்கள். மற்ற இரண்டுக்கும் அந்த ரசீது கைகொடுக்கும். சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல், அக்டோபர் தொடங்கி முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய்.

அசோசியேஷனில் பழைய உரிமையாளரின் பாக்கி இல்லை என்று கடிதமும், கார்பஸ் நிதியில் (வளாகத்தின் பெரிய செலவுகளுக்காக எல்லாரும் போட்டு வைக்கும் பொதுப்பணம்) அவர் போட்ட பணம் உங்கள் கணக்குக்கு மாறியதற்கான எழுத்தும் வாங்குங்கள். இதைப் பதிவுக்கு முன்பே கேட்டால் கிடைக்கும். பதிவுக்குப் பிறகு அவர் ஃபோனை எடுக்கமாட்டார். கடைசியாக, சில நாள் கழித்து வில்லங்கச் சான்றிதழை இன்னொரு முறை போட்டு, உங்கள் பெயரும் யூடிஎஸ் அளவும் எழுத்துப்பிழை இல்லாமல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் விற்றவர் இன்னும் ஊரில் இருக்கும்போதே பிழைதிருத்தல் பத்திரம் போட்டுவிடலாம்.